இலண்டனில் ஏழு நாள், ஆறு பேர்: எந்தப் பயணச்சீட்டை, எங்கே வாங்குவது?

பொருநைக்கரை

அனைவருக்கும் வணக்கம். காலாண்டு விடுமுறையில் குடும்பத்துடன் இலண்டன் வருகிறோம். நானும் கணவரும், என் பெற்றோர், 12 வயது மகன், 8 வயது மகள் என மொத்தம் ஆறு பேர். அப்பாவுக்கு 68 வயது, அம்மாவுக்கு 63. வியாழக்கிழமை பிற்பகல் ஹீத்ரோவில் இறங்கி, அடுத்த புதன்கிழமை இரவு விமானம் ஏறுகிறோம். தங்குவது ஈஸ்ட் ஹாமில், சித்தப்பா மகள் வீட்டில். அவள் எங்கும் காரிலேயே போய்வருவதால் ரயில், பேருந்துக் கட்டணங்கள் பற்றி அவளுக்கு அதிகம் தெரியவில்லை.

இங்கே எங்கள் ஊரில் விமானச்சீட்டு எடுத்துக் கொடுத்த முகவர், ஆறு பேருக்கும் சுற்றுலாப் பயணச்சீட்டை இங்கேயே வாங்கிவிடுமாறு வற்புறுத்துகிறார். அங்கே போய் வாங்கினால் விலை கூடும் என்கிறார். அவர் சொல்லும் தொகையை ஆறால் பெருக்கிப் பார்த்தால் தலை சுற்றுகிறது. டவர் கோட்டை, பிரிட்டிஷ் அருங்காட்சியகம், கிரீனிச், ஹைகேட் முருகன் கோயில் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஞாயிறன்று இலண்டனுக்கு மேற்கே ஸ்லோ என்ற ஊரில் இருக்கும் மாமா வீட்டுக்குப் போக வேண்டும். முன்பணம் கட்டி வாங்குவது அவசியமா? மூத்த குடிமக்களுக்கும் குழந்தைகளுக்கும் சலுகை உண்டா? நம் ஊர் வங்கி அட்டை அங்கே வேலை செய்யுமா? அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

ஈஸ்ட்ஹாம்வாசி

வணக்கம் சகோதரி. பதினான்கு ஆண்டுகளாக நீங்கள் தங்கப்போகும் அதே பகுதியில் வசிக்கிறேன். முகவரிடம் எதையும் வாங்க வேண்டாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இலண்டனில் உள்ளூர்க்காரர்களே பெரும்பாலும் முன்கூட்டிச் சீட்டு வாங்குவதில்லை. வங்கி அட்டையையோ ஆய்ஸ்டர் என்ற நீல நிறப் பயண அட்டையையோ நிலைய வாயிலில் உள்ள மஞ்சள் வட்டத்தில் தொட்டு உள்ளே போகிறோம். இறங்கும் இடத்தில் மறுபடியும் தொட்டு வெளியே வருகிறோம். எவ்வளவு என்பதை அந்த அமைப்பே கணக்கிட்டுக் கழித்துக்கொள்கிறது. ஆய்ஸ்டர் அட்டை 2003இல் வந்தது. வங்கி அட்டையை நேரடியாகத் தொட்டுச் செல்லும் வசதி 2014 முதல் சுரங்க ரயிலிலும் உண்டு.

நகரம் மையத்திலிருந்து வெளிவட்டம் வரை மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. நடு இலண்டன் 1ஆம் மண்டலம், ஹீத்ரோ 6ஆம் மண்டலம். ஈஸ்ட் ஹாம் நிலையம் 3ஆம், 4ஆம் மண்டலங்களின் எல்லையில் இருப்பதால், நீங்கள் நகரத்தை நோக்கிப் போகும்போது அது 3ஆம் மண்டலமாகவே கணக்கிடப்படும். நீங்கள் எழுதிய டவர், அருங்காட்சியகம், கிரீனிச், ஹைகேட் ஆகிய நான்கும் 1 முதல் 3 வரையிலான மண்டலங்களுக்குள் அடங்கிவிடுகின்றன.

இப்போது முக்கியமானதைச் சொல்கிறேன். ஒரு நாளில் எத்தனை முறை பயணம் செய்தாலும் ஒரு தொகைக்கு மேல் கழிக்கப்படாது. அந்தத் தினசரி உச்சவரம்பு, 2025 மார்ச்சில் உயர்த்தப்பட்ட கட்டணப்படி, 1 முதல் 3 வரையிலான மண்டலங்களுக்கு 10 பவுண்டு 50 பென்ஸ். 1, 2 மண்டலங்களுக்குள் மட்டும் சுற்றினால் 8 பவுண்டு 90 பென்ஸ். அதே போல் வாராந்திர உச்சவரம்பும் உண்டு: 1 முதல் 3 வரை 52 பவுண்டு 50 பென்ஸ். ஆகவே குறைவாகப் பயணம் செய்தால் குறைவாகவே போகும். நிறையச் சுற்றினாலும் இந்த எல்லையைத் தாண்டாது. பிறகு எதற்கு முன்பணம்?

கணக்கேடு

ஈஸ்ட்ஹாம்வாசி எழுதியதில் தவறு இல்லை. ஆனால் இந்தக் குடும்பத்துக்கு அது பாதி உண்மையே. வாராந்திர உச்சவரம்பின் வாரம் திங்களன்று தொடங்கி ஞாயிறன்று முடியும். இவர்கள் வருவது வியாழன், போவது புதன். அவர்களுடைய ஏழு நாளும் இரண்டு வாரங்களுக்குள் நான்கும் மூன்றுமாகப் பிரிந்துவிடுகின்றன. வியாழன் முதல் ஞாயிறு வரை நாளுக்கு 10.50 வீதம் 42 பவுண்டு. திங்கள் முதல் புதன் வரை 31.50, ஆக 73 பவுண்டு 50 பென்ஸ் வரை போகலாம். இரண்டு வாரத்திலும் வாராந்திர எல்லையை அவர்கள் எட்டவே மாட்டார்கள்.

இதற்கு மாற்று, ஏழு நாள் டிராவல்கார்டு; அதாவது ஒரே தொகை கட்டி, குறிப்பிட்ட மண்டலங்களுக்குள் ஏழு நாளும் எத்தனை முறை வேண்டுமானாலும் பயணம் செய்யும் சீட்டு. அதை எந்தக் கிழமையிலும் தொடங்கலாம். வியாழனன்று தொடங்கினால் புதன் வரை செல்லும். 1 முதல் 3 வரையிலான மண்டலங்களுக்கு விலை அதே 52 பவுண்டு 50 பென்ஸ். நிலையத்தில் உள்ள இயந்திரத்தில் ஆய்ஸ்டர் அட்டை வாங்கி, அதில் இந்தச் சீட்டை ஏற்றிக்கொள்ளலாம். அட்டையின் விலை தனி, அது திரும்பக் கிடைக்காது. அதைக் கழித்த பின்னும் தினமும் நகரத்துக்குள் சுற்றும் ஒருவருக்கு இது இலாபமே. ஆனால் வெளிநாட்டுப் பயணிகளுக்கு முன்கூட்டியே தபாலில் அனுப்பப்படும் விசிட்டர் ஆய்ஸ்டர் என்ற தனி அட்டையில் டிராவல்கார்டை ஏற்ற முடியாது. முகவர் தருவதாகச் சொல்வது அதுவாக இருந்தால், அதனால் இங்கே பயன் இல்லை.

ஹீத்ரோவிலேயே ஏற்றிக்கொண்டால் இன்னொரு நன்மையும் உண்டு. சீட்டு 3ஆம் மண்டலம் வரைதான் என்றாலும், அட்டையில் கொஞ்சம் பணமும் இருந்தால், எஞ்சிய மண்டலங்களுக்கான கட்டணம் மட்டும் அதிலிருந்து கழியும். மேலும் எந்த டிராவல்கார்டாக இருந்தாலும், இலண்டன் முழுவதிலும் சிவப்புப் பேருந்தில் மண்டலக் கணக்கின்றி ஏறலாம்.

வடமராட்சியான்

அன்புத் தங்கைக்கு வணக்கம். நான் இந்த நகரத்தில் இருபது வருடத்துக்கு மேலாக பஸ் ஓட்டியவன். மேலே எழுதிய இருவரும் காசுக் கணக்கைச் சரியாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் உங்களுடைய அப்பா, அம்மாவின் முழங்காலைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை.

இலண்டன் சுரங்க ரயில் 1863இல் தொடங்கியது. அந்தக் காலத்தில் யாரும் மின்தூக்கியை நினைத்துக் கட்டவில்லை. 272 நிலையங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில்தான் படி ஏறாமல் மேடைக்குப் போகலாம். மற்ற இடங்களில் நகரும் படிக்கட்டு முடிந்த பிறகும் பத்துப் பதினைந்து கல்படி இருக்கும். ஒரு வழித்தடத்திலிருந்து மற்றதுக்கு மாற நீண்ட சுரங்கப்பாதையில் நடக்க வேண்டும். காலையில் உற்சாகமாகப் புறப்படும் வயது போனவர்கள், பின்னேரம் அந்தப் படியடியில் கைப்பிடியைப் பிடித்தபடி நிற்பதை நான் நிறையத் தரம் பார்த்திருக்கிறேன்.

2025 கட்டணப்படி பஸ்ஸில் ஒரு தரம் ஏற 1 பவுண் 75 பென்ஸ். எவ்வளவு தூரம் போனாலும் அதேதான். முதல் பஸ்ஸில் அட்டையைத் தொட்டு ஒரு மணித்தியாலத்துக்குள் வேறு பஸ்ஸில் ஏறித் தொட்டால் இரண்டாவதற்குக் காசு இல்லை. அந்த ஒரு மணிக்குள் எத்தனை பஸ் மாறினாலும் இதுதான் விதி. ஏறித் தொடும் நேரம்தான் கணக்கு, இறங்கும் நேரம் அல்ல. இறங்கும்போது தொடவே தேவையில்லை. நாள் முழுக்க பஸ்ஸில் மட்டும் திரிந்தால் உச்சவரம்பு 5 பவுண் 25 பென்ஸ், அதாவது மூன்று தரக் கட்டணம்.

ஈஸ்ட் ஹாமிலிருந்து 115ஆம் இலக்க பஸ் ஆல்ட்கேட் வரை போகிறது. வழியில் கமர்ஷியல் சாலையிலேயே இறங்கி 15ஆம் இலக்க பஸ்ஸில் மாறினால் டவர், செயின்ட் பால் தேவாலயம், டிரஃபால்கர் சதுக்கம் என்று எல்லாவற்றையும் இருந்தபடியே பார்க்கலாம். ஹைகேட் முருகனிடம் போக, லண்டன் பிரிட்ஜிலிருந்து 43ஆம் இலக்க பஸ். ஆர்ச்வே சாலையில் கோயிலுக்குக் கிட்டவே இறக்கிவிடும். ஹைகேட் சுரங்க நிலையம் மிகவும் ஆழம், வயது போனவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று. 2014 ஜூலைக்குப் பிறகு பஸ்ஸில் காசு வாங்குவதில்லை. சில்லறையை உள்ளங்கையில் எண்ணிப் பிடித்தபடி ஏறும் நம்மவர்களிடம், அட்டை இருந்தால்தான் ஏற்றலாம் என்று சொல்லும் நிலை எனக்குப் பல தரம் வந்தது. அது எனக்கு மனத்துக்குக் கஷ்டமான வேலை. ஆளுக்கொரு அட்டை கையில் இருக்கட்டும்.

பொருநைக்கரை

அண்ணா, உங்கள் பதிவை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "பேருந்தில் மாடியில் உட்கார்ந்து ஊரைப் பார்ப்பதுதான் சரி" என்று அப்போதே முடிவு செய்துவிட்டார். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. நான் அதை எழுதவே இல்லை, நீங்களாகவே ஊகித்துவிட்டீர்கள்.

ஆளுக்கொரு அட்டை என்றால் என் ஒரே வங்கி அட்டையை ஆறு முறை தொட்டு எல்லோரையும் உள்ளே அனுப்ப முடியாதா? குழந்தைகளுக்கும் தனி அட்டை வேண்டுமா?

வைகைப்பெண்

முடியாது அக்கா. ஒரே நேரத்தில் ஓர் அட்டை ஒருவருக்கு மட்டுமே. அட்டைதான் பயணி என்று வைத்துக்கொள்ளுங்கள். அது எங்கே நுழைந்தது, எங்கே வெளியேறியது என்பதை வைத்துத்தான் கட்டணமே கணக்கிடப்படுகிறது.

குழந்தைகளைப் பொறுத்தவரை, உங்கள் மகளுக்கு எதுவும் வாங்க வேண்டாம். 11 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் பேருந்தில் இலவசம். சுரங்க ரயிலிலும், டிஎல்ஆர், ஓவர்கிரவுண்ட், எலிசபெத் வழித்தடம் ஆகிய மற்ற நகர ரயில்களிலும் கட்டணம் செலுத்தும் பெரியவர் ஒருவருடன் நான்கு குழந்தைகள் வரை இலவசமாகச் செல்லலாம். நிலையத்தில் ஓரமாக இருக்கும் அகலமான வாயிலுக்குப் போனால் ஊழியர் திறந்துவிடுவார்.

மகன் விஷயத்தில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். 11 முதல் 15 வயது வரையுள்ள வெளியூர்ப் பிள்ளைகளுக்கு 14 நாள் வரை பாதிக் கட்டணச் சலுகை உண்டு. ஆனால் அது தானாக வராது. சாதாரண ஆய்ஸ்டர் அட்டை ஒன்றை வாங்கி, சுரங்க ரயில் நிலைய ஊழியரிடம் மகனையும் உடன் அழைத்துச் சென்று, இளம் பயணியர் சலுகையை அந்த அட்டையில் பதிந்து தரும்படி கேட்க வேண்டும். ஹீத்ரோ நிலையத்திலேயே கேட்டுவிடுங்கள். வங்கி அட்டையைத் தொட்டால் தொடுபவர் பிள்ளையானாலும் பெரியவர் கட்டணமே கழியும்.

அந்த அட்டை மட்டும் பெரியவர்கள் கைக்குப் போய்விடக் கூடாது. பரிசோதகரின் கருவியில் அது சலுகை அட்டை என்று தெரிந்துவிடும். நாம் அறியாமல் செய்தோம் என்று அவர் முன்னால் விளக்கிக்கொண்டிருப்பது நல்ல அனுபவமாக இருக்காது. எல்லா அட்டைகளும் ஒரே நீலம். நான் என் பிள்ளையின் அட்டையில் ஒட்டுப்பொட்டு ஒன்றை ஒட்டி அடையாளம் வைத்திருந்தேன்.

மூத்தோர் சலுகை உங்கள் பெற்றோருக்குக் கிடைக்காது என்பதை வருத்தத்துடன் சொல்கிறேன். 60 வயதினருக்கான ஆய்ஸ்டரும், முதியோருக்கான ஃப்ரீடம் பாஸும் இலண்டனில் வசிப்பவர்களுக்கு மட்டுமே. என் மாமனார், நம் ஊரில் காட்டும் மூத்த குடிமக்கள் அட்டையை இங்கும் கொண்டுவந்திருந்தார். அது இங்கே செல்லாது.

சிறுவாணி

வங்கி அட்டை பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன்; கோவையில் வங்கிப் பணியில் இருக்கிறேன். விசா, மாஸ்டர்கார்டு, அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் அட்டைகளை இலண்டன் வாயில்கள் ஏற்கும். ரூபே அட்டையை நம்பிப் போகாதீர்கள். அட்டையில் அலைவரிசை போன்ற நான்கு வளைகோடுகள் அச்சிடப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். அந்தக் குறி இருந்தால்தான் தொட்டுச் செலுத்த முடியும்.

அது இருந்தாலும் போதாது. 2020ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கி விதிப்படி, அட்டைகள் வழங்கப்படும்போது உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்திருக்கும். வெளிநாட்டுப் பரிவர்த்தனை, தொட்டுச் செலுத்தும் வசதி ஆகிய இரண்டையும் வாடிக்கையாளர்தான் வங்கிச் செயலியில் தனித்தனியாகத் திறந்துவிட வேண்டும். இதைத் தெரிந்தவனாக இருந்தும் நான் முதன்முறை போனபோது வெளிநாட்டுப் பரிவர்த்தனையை மட்டும் திறந்துவிட்டு, மற்றதை மறந்துவிட்டேன். வாயிலில் சிவப்பு விளக்கு எரிந்தது. பின்னால் வரிசை நீண்டது. நல்ல வேளையாக நிலையத்திலேயே இணைய வசதி இருந்தது, நின்ற இடத்திலிருந்து செயலியைத் திறந்து சரிசெய்தேன். நீங்கள் விமானம் ஏறுவதற்கு முன்பே இரண்டையும் திறந்து, ஊரில் ஒரு கடையில் தொட்டுப் பார்த்துவிடுங்கள்.

ஒரு நாளில் எத்தனை முறை தொட்டாலும் அந்த நாளின் பயணங்கள் அனைத்தும் ஒரே தொகையாகத்தான் கணக்கிலிருந்து எடுக்கப்படும். இங்கே ஒரு நாள் என்பது காலை நான்கரை மணியிலிருந்து மறுநாள் நான்கரைக்குச் சற்று முன்பு வரை. அந்நியச் செலாவணிக் கட்டணம் வங்கிக்கு வங்கி மாறுபடும். புறப்படுமுன் உங்கள் அட்டைக்கு அது எத்தனை சதவீதம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பலர் இடறுவது இன்னோர் இடத்தில். காலையில் பிளாஸ்டிக் அட்டையைத் தொட்டு நுழைந்து, மாலையில் அதே அட்டை பதிவு செய்யப்பட்ட கைபேசியைத் தொட்டு வெளியேறுகிறார்கள். அமைப்பின் பார்வையில் அவை இரண்டும் வேறு வேறு அட்டைகள். கைபேசி என்றால் வாரம் முழுவதும் கைபேசி, அட்டை என்றால் அட்டை. உச்சவரம்பும் அப்போதுதான் சேரும்.

ஈஸ்ட்ஹாம்வாசி

கணக்கேடு அவர்களின் திங்கள்–ஞாயிறு கணக்கை ஏற்றுக்கொள்கிறேன். வியாழக்கிழமை வருகையை நான் கவனித்திருக்க வேண்டும். ஆனால் ஆறு பேருக்கும் டிராவல்கார்டு என்று யாரும் முடிவுக்கு வந்துவிடக் கூடாது. 52.50ஐ 10.50ஆல் வகுத்தால் சரியாக ஐந்து. ஏழு நாளில் குறைந்தது ஐந்து நாளாவது தினசரி உச்சவரம்பைத் தொடுபவருக்கு மட்டுமே அந்தச் சீட்டு ஈடாகும். உச்சவரம்பைத் தொடுவதும் அவ்வளவு எளிதல்ல. 2025 கட்டணப்படி, நெரிசல் இல்லாத நேரத்தில் ஈஸ்ட் ஹாமிலிருந்து நடு இலண்டனுக்கு ஒரு முறை போக மூன்று பவுண்டைச் சற்றுத் தாண்டும். போய்விட்டு வந்தால் ஆறேகால் பவுண்டுக்குள். இடையில் இன்னொரு ரயிலும் ஒரு பேருந்தும் ஏறினால்தான் 10.50ஐ நெருங்கும்.

வார நாள்களில் காலை ஆறரை முதல் ஒன்பதரை வரையும், மாலை நான்கு முதல் ஏழு வரையும் நெரிசல் நேரக் கட்டணம். பெரியவர்களையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு ஒன்பதரைக்குப் பிறகு கிளம்புவது பணத்துக்கும் நல்லது, உட்கார இடம் கிடைப்பதற்கும் நல்லது.

கணக்கேடு

இதில் எனக்கும் மாறுபட்ட கருத்து இல்லை. கணவன், மனைவி இருவரும் தினமும் சுற்றுவார்கள், அவர்களுக்கு டிராவல்கார்டு. பெற்றோர் ஒரு நாள் வெளியே போனால் மறுநாள் வீட்டில் ஓய்வெடுப்பார்கள், போகும் நாளிலும் பேருந்துதான். அவர்களுக்குப் பணம் ஏற்றிய சாதாரண ஆய்ஸ்டர். மகனுக்குச் சலுகை பதிந்த ஆய்ஸ்டர். மகளுக்கு ஒன்றுமில்லை. ஒரே குடும்பத்துக்கு ஒரே வகைச் சீட்டுத்தான் வாங்க வேண்டும் என்ற எண்ணம்தான் முகவர்களுக்கு வியாபாரம் ஆகிறது.

ஸ்லோ பயணத்தைப் பற்றி எச்சரிக்க வேண்டும். எலிசபெத் வழித்தடத்தில் வெஸ்ட் டிரேட்டன் வரைதான் ஆய்ஸ்டர் செல்லும். அதற்கு மேற்கே ஸ்லோ, ரெடிங் பக்கம் வங்கி அட்டையை மட்டுமே தொட முடியும். ஆய்ஸ்டரைத் தொட்டு ஏறிவிட்டு ஸ்லோவில் இறங்கினால் வெளியேற வழி இருக்காது. செல்லுபடியாகும் சீட்டு இல்லாத பயணமாகவே அது கருதப்படும்.

வடமராட்சியான்

அதற்கு எங்கள் ஆட்கள் செய்யும் வழி ஒன்று இருக்கிறது. ஸ்லோவில் இருக்கும் மாமாவைக் காரை எடுத்துக்கொண்டு வெஸ்ட் டிரேட்டன் நிலையத்துக்கு வரச் சொல்லுங்கள். அது 6ஆம் வலயம் (மண்டலம்). எல்லாருடைய ஆய்ஸ்டரும் அங்கே செல்லும். ஆறு பேரும் ஒரே காரில் ஏற முடியாவிட்டால் அவர் இரண்டு தரம் வந்து போகட்டும், மருமகளுக்காக இதைக்கூடச் செய்ய மாட்டாரா?

ஹீத்ரோவிலிருந்து வரும் வழியையும் சொல்லிவிடுகிறேன். ஹீத்ரோ எக்ஸ்பிரஸ் 2025இல் 25 பவுண். அது பாடிங்டனில் நின்றுவிடும், உங்களுக்கு அது தேவையில்லை. பிக்காடிலி வழித்தடத்தில் நகரத்துக்கு 2025இல் 5 பவுண் 80 பென்ஸ். 2022 செப்டெம்பரிலிருந்து ஹீத்ரோவுக்கும் 1ஆம் வலயத்துக்கும் இடையில் எந்நேரமும் நெரிசல் நேரக் கட்டணம்தான், ஆகவே நேரம் பார்த்துக் காத்திருந்து பயன் இல்லை. எலிசபெத் வழித்தடம் 2025இல் ஏறத்தாழ 14 பவுண். விலை இரண்டு மடங்குக்கு மேல்தான். ஆனாலும் அம்மா, அப்பாவோடும் பெட்டிகளோடும் வரும் முதல் நாளில் அதையே எடுங்கள். அந்த வழித்தடத்தின் எல்லா நிலையங்களிலும் படி ஏறாமல் தெருவிலிருந்து மேடைக்குப் போகலாம். வைட்சாப்பலில் மாறினால் டிஸ்ட்ரிக்ட் வழித்தடம் நேரே ஈஸ்ட் ஹாமுக்குக் கொண்டுவரும். பன்னிரண்டு மணித்தியாலம் விமானத்தில் இருந்து வந்த கால்களுக்கு அந்த எட்டுப் பவுண் வீண் செலவு அல்ல.

வைகைப்பெண்

கிரீனிச் போகும் நாளுக்கு ஒரு குறிப்பு. டிஎல்ஆர் ரயிலின் பெரும்பாலான நிலையங்களில் வாயிலே கிடையாது. ஒரு கம்பத்தில் மஞ்சள் வட்டம் மட்டும் இருக்கும். நாமே நினைவு வைத்துத் தொட வேண்டும். என் தாயார் வந்திருந்தபோது, கதவு இல்லாததால் தொட வேண்டியதில்லை என்று எண்ணி நேராக நடந்து வெளியே போய்விட்டார். பயணம் முடிவடையாததாகப் பதிவாகி, அதிகபட்சக் கட்டணம் கழிந்தது; அது தினசரி உச்சவரம்புக் கணக்கிலும் சேராது. இணையத்தில் கணக்குத் தொடங்கி அட்டையைப் பதிந்து வைத்திருந்தால், அன்றைய பயணப் பட்டியலைப் பார்த்து விடுபட்டதைத் தெரிவித்துப் பணத்தைத் திரும்பப் பெறலாம். முதல் நாளே எல்லா அட்டைகளையும் ஒரே கணக்கில் பதிந்துவிடுங்கள்.

சில நிலையங்களில் இளஞ்சிவப்பு வட்டமும் இருக்கும். நடு இலண்டனைத் தொடாமல் ஓவர்கிரவுண்டில் சுற்றி வருபவர்கள், ரயில் மாறும் இடத்தில் அதைத் தொட்டால் 1ஆம் மண்டலக் கட்டணம் தவிர்க்கப்படும். உங்கள் திட்டத்துக்கு அது தேவைப்படாது. பார்த்துக் குழம்ப வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். தேம்ஸ் ஆற்றுப் படகும் கம்பிவட ஊர்தியும் ஆய்ஸ்டரை ஏற்கும், ஆனால் அவற்றின் கட்டணம் உச்சவரம்புக்குள் வராது.

பொருநைக்கரை

ஊர் திரும்பி நான்கு நாளாகிறது. உதவிய அனைவருக்கும் நன்றி சொல்லாமல் இந்த இழையை விட்டுப் போக எனக்கு மனமில்லை.

நீங்கள் வகுத்துத் தந்தபடியே செய்தோம். ஹீத்ரோ நிலையத்தில் ஐந்து ஆய்ஸ்டர் வாங்கினோம். எங்கள் இருவருக்கும் டிராவல்கார்டு ஏற்றினோம். மகனுக்குச் சலுகை பதிந்து கொடுத்த ஊழியர் அவனுடைய வயதை மட்டும் கேட்டார்; இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது. அம்மா கைப்பையிலிருந்து ஒட்டுப்பொட்டு அட்டையை எடுத்து, பேரனின் அட்டைக்குச் சிவப்பும், தம் அட்டைக்குக் கருஞ்சிவப்பும், அப்பாவின் அட்டைக்குப் பச்சையுமாக அங்கேயே ஒட்டிவிட்டார்.

அப்பாவின் அட்டையில் 40 பவுண்டு ஏற்றியிருந்தோம். ஏழு நாளில் நான்கு நாள் வெளியே போனார்கள்: வந்த அன்று எலிசபெத் வழித்தடம், சனியன்று 115உம் 15உம், ஞாயிறன்று வெஸ்ட் டிரேட்டன், செவ்வாயன்று லண்டன் பிரிட்ஜிலிருந்து 43இல் ஹைகேட். மீதி மூன்று பவுண்டு சொச்சம் இருக்கிறது. அவருக்கும் 52.50 கொடுத்துச் சீட்டு எடுத்திருந்தால், மாமா வீட்டுக்கும் விமான நிலையத்துக்குமான தொகை அதற்கு மேல் தனியாகப் போயிருக்கும். 43இல் மாடியின் முதல் வரிசை இருக்கை கிடைத்ததையும், ஏற்றத்தில் பேருந்து மூச்சு வாங்கிப் போனதையும் அப்பா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

எங்களுக்கு நேர்ந்த ஒரே பிழை, மகன் வாயில் இல்லாத நிலையம் ஒன்றில் தங்கையைத் துரத்திக்கொண்டு ஓடியதில் அட்டையைத் தொட மறந்தது. வைகைப்பெண் சொன்னபடி கணக்கில் பதிந்திருந்ததால், அன்றிரவே பட்டியலில் பார்த்துத் தெரிவித்தோம். இரண்டு நாளில் பணம் அட்டைக்கே திரும்ப வந்துவிட்டது.

இறுதியாக ஓர் ஐயம். அடுத்த ஆண்டு என் தம்பி இலண்டன் வருகிறான். இந்த ஐந்து அட்டைகளையும் அவனிடம் கொடுக்கலாமா? மகனின் அட்டையில் உள்ள சலுகை என்னவாகும்?

ஈஸ்ட்ஹாம்வாசி

தாராளமாகக் கொடுக்கலாம். அட்டையில் உள்ள பணம் காலாவதியாவதில்லை. 10 பவுண்டு வரையிலான மீதியை நிலைய இயந்திரத்திலேயே திரும்பப் பெற்றிருக்க முடியும். ஆனால் தம்பி வரப்போவதால் வைத்திருப்பதே நல்லது, புது அட்டைக்கான விலையும் மிச்சம். மகனின் அட்டையில் சலுகைக் காலம் முடிந்ததும் அது சாதாரணப் பெரியவர் அட்டையாகிவிடும், ஆகவே யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். கணக்கிலிருந்து அட்டைகளை நீக்கிவிட்டு, தம்பியைத் தம் பெயரில் பதிந்துகொள்ளச் சொல்லுங்கள். அவர் வரும் கிழமையையும் எழுதுங்கள், டிராவல்கார்டு வேண்டுமா என்று பார்த்துச் சொல்கிறோம்.